ஐம்பத்தொன்பது மாடல் கறுப்பு வண்டி

மாசிலாமணி கார் என்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் பொன்னுரங்கத்தின் பிடியில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய கறுப்பு மூடி. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் புதுப்பேட்டைப் பழைய கார் சாமான் கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“விடுங்க சார். நானே மாட்டிக்கறேன்” என்றார் மாசிலாமணி.

“நீங்க மாட்டின லட்சணம் தெரியாதா? கார்புரேட்டர் டூப்ளிகேட். ஹார்ன் டூப்ளிகேட். இந்தத் தடவை என் கையால மாட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

பொன்னுரங்கம் அந்த வட்டாரத்தில் வண்டிப் பாகங்களுக்கு அசல் பார்ப்பவர். பார்ப்பது என்று பெயர்தான்; உண்மையில் நக்குவார். எந்தப் பாகத்தையும் நாக்கில் வைத்து வருஷத்தைச் சொல்லிவிடுவார். ஐம்பத்தொன்பது உப்புக் கரிக்கும். அறுபது லேசாகப் புளிக்கும். டூப்ளிகேட்டுக்கு ருசியே கிடையாது.

கல்லாவிலிருந்த ஜெய்னு பாய் கொட்டாவி விட்டார். “ஒடச்சிராதீங்க. ஒலகத்துல இருக்கறதே அது ஒண்ணுதான்.”

“என்ன வேணும் பாய், சொல்லுங்க” என்றார் மாசிலாமணி.

“எடது கால் செருப்பு.”

பொன்னுரங்கம் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஷூ போட்டிருந்தார். “ஷூ ஆகாதா?”

“ஷூவ வச்சிகினு நான் இன்னா பண்றது?”

மாசிலாமணி செருப்பை உதறினார். மூடியைப் பிடுங்கினார். ஓடினார்.

அந்த ஊரில் யாரும் நோயினால் போவதில்லை. வயசினாலும் போவதில்லை. வேளை வந்தால் வீட்டு அரிசிப் பானையில் ஒரு சாவி கிடக்கும். சாவியில் வருஷம் பொறித்திருக்கும். அந்த வருஷத்தில் பிறந்தவருக்கு அதே வருஷத்து வண்டியைத் தேடிப் பிடித்து, திருகாணி வரைக்கும் அசலாக்கிக் கொடுக்க வேண்டியது குடும்பத்தின் கடமை. ஒரு பாகம் வேறு வருஷமாக இருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது. எல்லாம் சரியாக இருந்தால் தானாகவே கிளம்பும். வண்டிக்கு வழி தெரியும். திரும்பி வந்ததில்லை.

தாமதித்தால் ஆள் தேய்ந்துபோவார். மாடி வீட்டு லாசரஸுக்கு நாற்பத்தேழு மாடல் ஜீப்பின் ஒரு முகப்பு விளக்கு கடைசிவரை கிடைக்கவில்லை. இப்போது அவர் படிக்கட்டில் ஒரு இருமல் மட்டுமே. வாடகையை அவருடைய மகன் கொடுத்துவருகிறான்.

மாசிலாமணியின் வீட்டில் வந்தது ஐம்பத்தொன்பது சாவி. அரிசி களைந்துகொண்டிருந்த சௌந்தரம் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“எனக்குத்தாங்க. நான் அம்பத்தொன்பதுல பொறந்தவ.”

மனைவி எந்த வருஷம் பிறந்தாள் என்று அவர் அதுவரை கேட்டதில்லை. இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

வெறும் கூடாக வண்டி வந்து இறங்கிய அன்றே சௌந்தரம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அங்கேயே பீன்ஸ் நறுக்கினாள். டிக்கியில் ஸ்டவ்வை வைத்து ரசம் கொதிக்கவிட்டாள். இப்போதெல்லாம் அவளுடைய பாதங்கள் சரியாகத் தெரிவதில்லை. இன்னும் எதுவுமே மாட்டாமல் இருந்தது இந்த மூடியின் இடம் ஒன்றுதான்.

சந்து நீண்டது. அவர் வேகமாக ஓட ஓட, அதுவும் வேகமாக நீண்டது. இரு பக்கமும் கதவுகள், கண்ணாடிகள், ஸ்டியரிங்குகள். ஒரு கடையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அதன் பழைய சொந்தக்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். “பாத்துப் போங்க தம்பி” என்றார். அவரையும் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தார்கள்.

பின்னால் பொன்னுரங்கம் ஓடவில்லை. நடந்துதான் வந்தார். ஆனாலும் கூப்பிடு தூரத்தைத் தாண்டிப் பின்தங்கவே இல்லை.

“சார், ஓடாதீங்க! உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்!”

“எனக்கு என்ன நல்லது?”

“அதெல்லாம் வண்டி ரெடியானப்புறம்தான் சொல்லணும். எங்க வழக்கம் அது!”

சந்து சலித்துப்போய் முடிந்தது. பாலம் வந்தது. கீழே கூவம் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. வலதுகைப் பக்கம் திரும்பினால் வீடு. மாசிலாமணி திரும்பவில்லை. பாலத்தின் நடுவில் நின்றார். மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீசினார்.

கார்புரேட்டரையும் இங்கிருந்துதான் வீசினார். ஹார்னையும், டைனமோவையும், அசலாகக் கிடைத்த ஒவ்வொன்றையும். ஊரில் எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் வாங்கினார். வாங்கி ஆற்றில் போட்டார். வீட்டில் டூப்ளிகேட்டை மாட்டினார். சௌந்தரம் தேய்ந்தால் தேயட்டும். வெறும் இருமலாகவாவது வீட்டில் இருப்பாளே.

மூடி சத்தமில்லாமல் முழுகியது.

பொன்னுரங்கம் வந்து சேர்ந்தார். “எங்கே சார்?”

“கை தவறிடுச்சு.”

பொன்னுரங்கம் அவருடைய உள்ளங்கையைப் பிடித்து, நாக்கால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“உப்பு” என்றார். கையை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். “சரி, வாங்க. வீட்டுக்குப் போகலாம்.”

வீட்டு வாசலில் ஜெய்னு பாய் லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். தலையில் ஆகாயத்தாமரை ஒட்டியிருந்தது. வண்டியின் பானெட் திறந்திருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“பாய், நீங்க எங்க இங்க?”

“இன்னா சார் நீ? ஆத்துல போட்டா பூடுமா? எல்லாம் எங்க கடைக்குத்தானே வரும். இதே மூடிய நீ எத்தினி வாட்டி வாங்கிக்கினு போயிருப்ப!” பாய் தலையிலிருந்த தாமரையை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். “உங்க வூட்டம்மாதான் சொல்லி வச்சிருந்தாங்கோ, எல்லாத்தையும் எடுத்தாந்து மாட்டுன்னு. மாட்டியாச்சு.”

பொன்னுரங்கம் பானெட்டுக்குள் தலையை விட்டார். ஒவ்வொன்றாக நக்கினார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டார்.

“முழுக்க உப்பு” என்றார்.

மாசிலாமணி பின் கதவுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். “சௌந்தரம், இறங்கிடு. வண்டி நகர்றதுக்குள்ள இறங்கிடு. வேற வண்டி பாத்துக்கலாம்.”

அவள் மாட்டேன் என்பாள், அழுவாள், தானும் அழ வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார். சௌந்தரம் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு உடனே இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சீட்டை முந்தானையால் தட்டினாள். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டாள்.

“ஏறுங்க.”

“நானா?”

“ரசம் சாதம் தூக்குல வச்சிருக்கேன். சாயாமப் பிடிச்சுக்கோங்க.”

“எனக்கு எதுக்குடி இந்த வண்டி? நான் அறுபத்தொண்ணு. சர்டிபிகேட்ல இருக்கு.”

“உங்கம்மா பள்ளிக்கூடத்துல சேக்கறப்போ வாத்தியார் ரெண்டு வயசு கொறச்சுப் போட்டாராம், பின்னாடி உத்தியோகத்துக்கு ஆகும்னு. அத்தை எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. நீங்கதாங்க அம்பத்தொன்பது.”

மாசிலாமணி பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் வானத்தைப் பார்த்தார். ஜெய்னு பாய் லுங்கியை மறுபடியும் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

“பொய் சொல்றே. தேயறது நீதானே? உன் பாதத்தைப் பாரு.”

“உங்க முதுகை ரொம்ப நாளாக் காணோம். சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல. சட்டை போட்டிருக்கறதால யாருக்கும் தெரியல.”

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். சட்டை இருந்தது. சட்டைக்குள் காற்று இருந்தது.

என்ஜின் சத்தம் மாறியது. சௌந்தரம் அவர் கையில் தூக்கைக் கொடுத்தாள். வெறுங்காலாயிருந்த இடது பாதத்தைப் பார்த்துவிட்டு, “செருப்பு எங்கே?” என்று கேட்டாள். குழந்தையை ஏற்றுவதுபோலத் தோளைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அந்தக் கதவை வேகமாகச் சாத்தினால் கைப்பிடி கழன்றுவிடும், அதுவும் அசல்தான்.

வண்டி நகர்ந்தது. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“அப்ப உன் பாதம்? அது ஏன் தேயுது, சௌந்தரம்?”

அவள் கூடவே நடந்து வந்தாள். நடப்பது தெரிந்தது; பாதம் தெரியவில்லை.

“எனக்கு உங்களுக்கு முந்தியே சாவி வந்துடுச்சுங்க. என் வண்டி பின் சந்துல படுதா போத்தி நிக்குது. அறுபத்தொண்ணு மாடல், நான் பொறந்த வருஷம். சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் ஏறாம இருந்தேன்.”