உலைக்குக் கல்யாணம்

கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் வியாழக்கிழமைதோறும் உலையை நிறுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை போயும் ஒரு புகைபோக்கி கூட அசரவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைமையகத்துக்குக் கோபம் வருவதற்குப் பதில் கனிவு வந்துவிட்டது.

"இனிமே அன்பாத்தான் சொல்லணுமாம். நிறுத்து, அபராதம், இந்த ரெண்டு வார்த்தையும் வரக்கூடாது" என்றார் அதிகாரி ஜெயராஜ். எழுதும் வேலை அவருடைய உதவியாளர் சுகிர்தா தலையில் விழுந்தது. அவள் வெறுப்பில், வேண்டுமென்றே, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதிக் கொடுத்தாள். திருவளர்செல்வி தூய்மைக்கும் திருவளர்செல்வன் உற்பத்திக்கும் திருமணம். வியாழன்தோறும் உலைகள் இளைப்பாறும். கிழித்துப் போடுவார் என்று பார்த்தால், ஜெயராஜ் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பிவிட்டார்.

குறித்த நாளில் உருக்காலை முதலாளிகள் குடும்பத்தோடு பட்டுக் கட்டிக்கொண்டு வாரிய அலுவலகத்தில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த முதலாளி இராமலிங்கம் கையில் குத்துவிளக்கு.

"பொண்ணு உங்க பொண்ணா சார்? பேரு நல்லாகீது, தூய்மை."

ஜெயராஜ் வியர்த்தார். "அது வந்து... உலைங்க கொஞ்சம் ஓய்வெடுக்கணும்..."

"உலைக்கு உடம்பு சரியில்லியா?"

"இல்ல, இளைப்பாறணும்."

"கல்யாணம் உலைக்கா?" என்றாள் இராமலிங்கத்தின் மனைவி கனகாம்பாள், கவலையோடு.

சுகிர்தாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள். "கல்யாணமே இல்ல சார். வியாழக்கிழமை உலைய நிறுத்தணும். நிறுத்தலன்னா அபராதம், அப்புறம் கரண்ட் கட்டு. அவ்ளோதான்."

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்கும்மா மஞ்சா?" இராமலிங்கம் விளக்கை மேசையில் வைத்தார். "நாஷ்டா கூட துன்னாம வந்துகினுகீறோம். நிறுத்துறோம். மொதல்ல சோத்தப் போடு."

சுகிர்தா மெஸ்ஸுக்குப் போன் போட்டாள். சாம்பார் சாதம் வந்தது. முதலாளிகள் வரிசையாக உட்கார்ந்து, அப்பளம் பத்தவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வியாழன் புகை வரவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அந்த வெறும் வானத்தைப் பார்த்தபோது சுகிர்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நேராகச் சொன்னால் கேட்கிறார்கள்! இதைத் தலைமையகத்துக்கு எப்படியாவது எழுதிவிட வேண்டும் என்று கீழே இறங்கினாள்.

ஜெயராஜ் வாசலிலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் பல். "பத்திரிகைக்குப் பாராட்டு வந்திருக்கும்மா! அடுத்தது கழிவுநீர் விதியாம். வளைகாப்பு வெக்கச் சொல்றாங்க."