ஜமீன்தார் தின்றதும் குடித்ததும்

1

இந்தக் கதை மிருக ஆஸ்பத்திரி வராந்தாவில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில், இன்று காலை பிறந்தது. பிறந்தது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அக்கா வீட்டு நாய் ஜமீன்தார் உள்ளே மேசைமேல் கிடக்கிறார். என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முதல் வரி: விஷம் என்பது யாதெனில்

(அடித்துவிட்டேன். அக்கா புருஷன், அதாவது என் மாமா, பேசுவது போலிருக்கிறது.)

2

நடந்தது இவ்வளவுதான்: ஜமீன்தார் எலி விஷத்தைத் தின்றுவிட்டார். டாக்டரம்மா முதலில் மூன்றே கேள்வி கேட்டார். என்ன தின்னுச்சு, எவ்வளவு, எப்போ.

"நீலக் கட்டி டாக்டர். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நான்தான் வெச்சேன்," என்றார் மாமா.

"நீங்க எப்ப வெச்சீங்க? நான் கருப்புப் பொடியத் தக்காளில தடவி அங்கதானே வெச்சிருந்தேன்," என்றாள் அக்கா.

"சொல்ல வேணாமா?"

"நீங்க சொன்னீங்களா?"

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம். இருவர் மனதும் எலிக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது.

நாய் தின்றது எதை என்று யாரும் பார்க்கவில்லை. நீலக் கட்டி என்றால் ரத்தம் உறையாதாம். ஆனால் சில நாள் அவகாசம் உண்டு, வைட்டமின் கே போட்டுக் காப்பாற்றலாம். கருப்புப் பொடிக்கு மாற்று மருந்தே கிடையாது.

"அது வயித்துப் புளிப்பு பட்டா விஷவாயுவாயிடும். சாப்பாடு உள்ள போனா புளிப்பு இன்னும் ஊறும். அதான் கேக்குறேன், வீட்ல பாலு கீலு எதாச்சும் ஊத்துனீங்களா?"

"நாங்க படிச்சவங்க டாக்டர். மாப்ள கை வைத்தியத்தக் கிண்டலடிச்சுப் புத்தகமே போட்டிருக்கான்."

மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் சுவரில் தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

3

இங்கே ஒரு பாத்திரச் சிக்கல். பால் ஊற்றியது யார்?

முதல் வரைவில் மாமாவை ஊற்ற வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தினார். ஆனால் அந்நேரம் அவர் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவதில் பாலே இல்லை. நடை அதில்தான் நன்றாக வந்தது.

நான்காவது: அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினாள். அடுக்களையில் நானும் நாயும். ஜமீன்தார் நடுங்கினார். நான் அவரைவிட அதிகம். பெரிய கிண்ணம் நிறையப் பால். சொட்டு விடாமல் குடித்துவிட்டு என் கையை நக்கினார்.

[அடிக்குறிப்பு மாதிரி: 'விஷத்துக்குப் பால்' என்ற மடமையைத்தான் என் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் கிழித்துத் தோரணம் கட்டுகிறது. பயந்தவன் கை அத்தியாயம் பார்த்தா நீளும்?]

4

முடிவுகள். ஒன்று: நாய் பிழைக்கிறது, பால் விஷயம் யாருக்கும் தெரியாது. இரண்டு: தின்றது நீலக் கட்டிதான், பாலால் ஒன்றும் ஆகவில்லை, நான் வீணாக வியர்த்தேன். மூன்று: நாய்

(இதை முடிக்க மாட்டேன்.)

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அவர் அறிய வேண்டியதை உங்களிடம் முதலில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையின் அசிங்கம் அதுதான்.

உள்ளே ஜன்னல்களைத் திறக்கிறார்கள். அக்கா வெளியே வந்துவிட்டாள்.

"டேய், வயிறு உப்பிக்கிட்டே போகுதுடா. காலி வயிறுன்னா ஒரு வழி, இல்லேன்னா வேற வழியாம். டாக்டரம்மா முழிக்கிறாங்க. நீ என்ன எழுதிக்கிட்டிருக்க?"

"கதை."

"முடிஞ்சுதா?"

நோட்டை அவளிடம் நீட்டலாம். படித்து முடிக்க ஐந்து நிமிஷமாகும். வாயால் சொன்னால் மூன்றே சொல். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது உள்ளே போய்