பக்கத்து இருக்கையின் எடை

1.
இந்தக் கதை ஒரு ரிப்பேர் புத்தகத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. பின்பக்க ஸ்பிரிங் பற்றிய அத்தியாயம், கடைசி வரி: ‘கார் தரையில் நின்று, ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் வழக்கம்போல் உட்கார்ந்த பிறகே நட்டுகளை முழுக்க இறுக்கவும்.’ எழுதியவர் பொறியாளர். பெரிய எழுத்தாளர்கள் யாரும் என்னை இவ்வளவு தொந்தரவு செய்ததில்லை.

கதாநாயகனை ‘அவன்’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘நான்’ என்று போட்டால் ஆறுதல் சொல்ல ஆள் வந்துவிடும். வயது முப்பத்தொன்று. அவன் மனைவி போய் (எங்கே, கடைக்கா?) அவன் மனைவி காலமாகி (நாளிதழ் விளம்பரம்) அவன் மனைவி இற

இந்த வாக்கியத்தை அவன் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. பதினொரு மாதம் முன்பு அந்த வேலையை உறவினர்கள் ஃபோனில் சுறுசுறுப்பாகச் செய்துமுடித்தார்கள்.

2.
முதல் தொடக்கம்: ‘பழைய ஸ்போர்ட்ஸ் கார் துயரத்தைப்போல் ஒருபக்கம் சாய்ந்து நின்றது.’

அடித்துவிட்டேன். கார் சாய்ந்ததற்குக் காரணம் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகள் ஐந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, உடைந்தது மூன்றாவது. நடு போல்ட்டைக் கழற்றும்போது அடுக்கை இடுக்கியில் பிடிக்காவிட்டால் பட்டைகள் எகிறி முகத்துக்கு வரும். அவன் பிடித்தான். துருவைச் சுரண்டினான், கிரீஸ் தடவினான், உடைந்ததை மாற்றினான். நான்கு சனிக்கிழமைகள், ஒரு பட்டறையின் மூலையில். துக்கத்தில் இருப்பவனுக்குப் பொழுதுபோக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்வது எப்போதாவது சரியாகவும் இருந்துவிடுகிறது, அதுதான் எரிச்சல்.

3.
துணைப் பாத்திரமாக முதலில் மனைவியின் தங்கையை எழுதினேன். பக்கத்து இருக்கை, கொழுந்தியாள்: நீங்கள் கதையை எங்கே கொண்டுபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளைத் தம்பியாக்கிவிட்டேன். நன்றாகச் சாப்பிடும் மச்சான்.

4.
பட்டறைக்காரர் காரைத் தரையில் இறக்கினார்.

“எல்லாம் மாட்டியாச்சு. ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்தா இறுக்கிடலாம்.”

மச்சான் கதவைத் திறந்தான். “நான் உக்கார்றேன், மாமா.”

“நீங்க எத்தன கிலோ?” என்றார் பட்டறைக்காரர்.

“தொண்ணூறுக்குள்ளதான்.”

“தொண்ணூறுக்கு எந்தப் பக்கத்துலேருந்து உள்ள? தள்ளுங்க. உயரம் தப்பா இருக்கும்போது இறுக்கினா ஸ்பிரிங் நுனில போட்ட புது ரப்பர் ஆறே மாசத்துல கிழிஞ்சிடும்.” அவன் பக்கம் திரும்பினார். “வழக்கமா யார் சார் உக்காருவாங்க?”

“வீட்ல.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“சரி,” என்றான் அவன்.

[கதையின் திருப்பம் இதுதான். இரண்டெழுத்து. எனக்கே எதிர்பாராதது.]

தெருவுக்கு வந்ததும் மச்சான் பிடித்துக்கொண்டான்.

“ஏன் மாமா சரின்னீங்க?”

“பத்து மணி எனக்கு வசதிதான்.”

“விளையாடாதீங்க. சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் பக்கத்துல நின்னியே. நீயே சொல்றதுதானே.”

மச்சான் பட்டறைப் பக்கம் இரண்டடி வைத்தான். திரும்பி வந்தான். அவனுக்கு அவள் அக்கா.

5.
முடிவு அ: மணல் மூட்டை. பட்டறைக்காரர் ஒத்துக்கொள்வார். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்பார். கல்யாணத்தின்போது ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரிச் சீட்டில் கடைசியாக முப்பத்தெட்டு. எதைக் கட்டுவது?

முடிவு ஆ: அவன் போகவே இல்லை. பட்டறைக்காரர் கூப்பிட்டு, “வீட்ல உடம்பு சரியில்லையா சார்?” என்பார். “ஆமா” என்பான். அவனை எனக்குத் தெரியாதா? அப்புறம் அவளுக்கு வருஷக்கணக்கில் காய்ச்சல் இருக்கும். கார் பட்டறையிலேயே நிற்கும்.

முடிவு இ: அவன் உண்மையைச் சொல்லி, பட்டறைக்காரர் கண்கலங்கி, பின்னணியில் மழை

மன்னிக்கவும். மழை வேண்டாம். பாக்கியிருக்கும் முடிவுக்கு, தொடக்கத்தில் பாதியில் நின்ற அந்த வாக்கியம் வேண்டும். பேனா அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தேநீர் போடப் போய்விடுகிறது.

6.
பத்தாக ஐந்து நிமிடம். அவன் தனியாகப் பட்டறைக்குள் வருகிறான். பட்டறைக்காரர் ஸ்பேனரோடு நிமிர்ந்து, அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்.

“எங்க சார், அவங்க வரலியா?”

நீங்கள் சொல்லிவிடுங்கள். சின்ன வாக்கியம். உங்களுக்குத்தான் அவளைத் தெரியாதே, சுலபமாக வரும்.