ஆ காட்டுங்க

அவளை எல்லோரும் புது டாக்டர் என்றுதான் சொன்னார்கள். அந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, தலையும் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வெளிநாட்டுக்காரி என்பதை மரியாதையாகச் சொல்ல அந்தத் தெருவுக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. பல் மட்டும் அவளிடம்தான் காட்டுவார்கள். கிளினிக் முதலாளியான பெரிய டாக்டர் கை வைத்தால் பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஆடும் என்பது ஊரறிந்த விஷயம்.

அன்று மதியம் கடைத்தெருவில் கலவரம் வெடித்தது. எந்த மதத்துக்காரன் எந்த மதத்தை என்ன சொன்னான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் அடிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின. பெரிய டாக்டரும் அடிக்கிற கூட்டத்தின் மதம்தான். அவர்மேல் ஒரு கீறல்கூட விழாது. இருந்தும் முன்ஜாக்கிரதையாக எக்ஸ்ரே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்கள். அவருக்கு ஒரு காலில் செருப்பில்லை. அந்தம்மா கையில் கொத்தமல்லி துருத்திக்கொண்டிருந்த காய்கறிப் பை.

"எங்கள அடிக்க வராங்கம்மா" என்றார் அவர்.

புது டாக்டருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுடைய மதமும் அவளுடையதில்லை, துரத்தி வருகிறவர்களுடைய மதமும் அவளுடையதில்லை. அவள் கும்பிடுகிற சாமிக்கு அந்த ஊரில் ஒரு மாடம்கூடக் கிடையாது. பின்வாசல் உண்டா என்றால் அதுவும் எக்ஸ்ரே அறை வழியாகத்தான். தட்டிப் பார்த்தாள். "நான் இல்லைன்னு சொல்லு!" என்றார் உள்ளேயிருந்து பெரிய டாக்டர்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலில ஏறிப் படுங்க. சுகர் இருக்கா? மருந்து ஏதாவது ஒத்துக்காதா?"

"அதெல்லாம் இல்லம்மா. பல்லும் நல்லாத்தான் இருக்கு!"

"இருக்கட்டும். ஆ காட்டுங்க."

ஊசியைப் பார்த்ததும் அந்தம்மா எழுந்துவிட்டாள். "நான் வெளியவே போயிடறேன்" என்றாள். தடியைவிட ஊசி பயங்கரமாகப்பட்டது அவளுக்கு. புருஷன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இருவருக்கும் ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, கழுத்தில் நீலத்துணியை மாட்டி முடிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

முன்னால் வந்தவன் ஜிம்காரன். தெருமுனையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவன். பின்னால் ஏழெட்டுப் பேர், கையில் கம்பும் கம்பியும்.

"டாக்டர், ரெண்டு பேரு இங்க ஓடி வந்தாங்களே?"

"வந்தவங்க எல்லாரும் பேஷன்ட்டுதான். செருப்ப வெளிய விடுங்க."

நாலு பேர் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். ஜிம்காரன் அவர்களை முறைத்துவிட்டு நாற்காலியிலிருந்தவரைக் கம்பால் காட்டினான். "இந்த ஆளு நம்ம ஆளுன்னா நம்ம பிரார்த்தனையச் சொல்லட்டும்."

அவர் வாயிலிருந்து "வவ்வவா" என்று ஏதோ வந்தது, கூடவே எச்சிலும் ஒழுகியது.

"மரத்துப்போன வாய். நாக்கு குழறி உங்க சாமி பேரு தப்பா வந்துட்டா பாவம் யாருக்கு? சொன்னவருக்கா, சொல்ல வச்சவங்களுக்கா?" என்றாள் அவள்.

கூட்டத்துக்கு அது பெரிய சந்தேகமாகிவிட்டது. கம்பைக் கீழே ஊன்றிக்கொண்டு இரண்டு பேர் அதைத் தீவிரமாக விவாதிக்கவே ஆரம்பித்தார்கள். ஜிம்காரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப நீ சொல்லு!"

அதுவரை 'டாக்டர், வாங்க, போங்க' என்றிருந்தவன்தான். பிரார்த்தனை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்; காத்திருக்கும் கூடத்து ஒலிபெருக்கியில் தினமும் ஓடுவதுதான். சொல்லியிருந்தால் அவள் மட்டும் தப்பியிருப்பாள். அடுத்து அந்த இருவர் வாயிலிருந்தும் பஞ்சை எடுக்கச் சொல்லியிருப்பான்.

"சொல்ல மாட்டேன். நான் உங்க ஆளில்ல. அடிக்கணும்னா என்னை அடிங்க. இவங்க வாய் என் கையில இருக்கு, விட முடியாது."

அவன் அறைந்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடி போய்ச் சுவரில் மோதி உடைந்தது. அவள் விழவில்லை, நாற்காலியையும் விட்டு நகரவில்லை. மங்கலாகத் தெரிந்த அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க கடைவாய்ப் பல்லுல வேர் சிகிச்சை பாதியில நிக்குது. மேல வச்சிருக்கறது தற்காலிக அடைப்பு. அது விழுந்தா ராத்திரி பூரா உயிர் போகும். மிச்சத்த யாருகிட்ட பாத்துக்கப் போறீங்க? பெரிய டாக்டர்கிட்டயா?"

அவன் கை தானாகவே தாடைக்குப் போயிற்று. பின்னாலிருந்த ஒருவன், "அண்ணே, எனக்கும் பல்லுக்குக் கம்பி கட்டிருக்காங்க" என்று காதோடு சொன்னான். மதத்துக்காக உயிரையே கொடுக்கத் தயாராக வந்த கூட்டம்தான். பல்லைக் கொடுக்கிற அளவுக்கு அது போகவில்லை. "இங்க யாருமில்ல, வாங்கடா!" என்று உறுமியபடி ஜிம்காரன் வெளியேறினான். செருப்பைக் கழற்றியவர்கள் அவரவர் ஜோடியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

போலீஸ் வேன் வந்து அந்த இருவரையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டபோது சாயங்காலமாகிவிட்டது. அந்தம்மாவுக்கு உதடு இன்னும் கோணியே இருந்தது. டாக்டரின் வீங்கிய கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறினாள். அதற்கப்புறம்தான் புது டாக்டர் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுவாரம் நகரசபையில் பாராட்டு விழா. தாழ்ப்பாளுக்குப் பின்னால் கழித்த மதியத்தைப் பெரிய டாக்டர் மேடையில், "நாங்க உறுதியா நின்னோம்" என்று உருக்கமாக விவரித்துக் கேடயம் வாங்கிக்கொண்டார். புதுக் கண்ணாடி இன்னும் வராததால் மூன்றாவது வரிசையிலிருந்த அவளுக்குக் கேடயத்தின் பளபளப்பு மட்டும் தெரிந்தது.

விழா முடிந்ததும் நகரசபைத் தலைவர் அவளிடம் வந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு கேட்டார். "ரொம்ப நல்ல காரியம் பண்ணினீங்கம்மா. உங்க நாட்டுக்கு எப்பத் திரும்பிப் போறீங்க?"

அவள் இன்னும் கிட்டப் போய் அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்தாள்.

"ஐயா, கீழ்வரிசையில ரெண்டு சொத்தை இருக்கு. நாளைக்குக் காலைல வாங்க, நான் இங்கதான் இருப்பேன்."