தராசுக்காரரின் எடை

கோபம் விட்டுப்போன அன்று தராசுக்காரரின் எடையில் பதினொரு கிலோ குறைந்தது. தராசு பழுதுபார்ப்பது தொழில் என்பதால், பட்டறை மூலையில் இருந்த மேடைத் தராசில் ஏறி அவரே பார்த்துக்கொண்டார். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம் என்ற உட்பகை ஆறையும் விரட்டியே தீருவதென்று, காலையில் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வருடம் பேராசை போயிற்று, ஒன்பது கிலோ. பிறகு காமம், மோகம், பொறாமை. முள் பதினான்கில் வந்து நின்றது. ஆள் என்னவோ இளைக்கவில்லை. அதே தொந்தி, அதே சட்டை.

தெரு நம்புமா? ஏதோ வியாதி என்றார்கள், தராசில் தில்லுமுல்லு என்றார்கள். நாலு பேர் ஏறிப் பார்த்தார்கள்; அவரவர் எடையைச் சரியாகவே காட்டித் தொலைத்தது. காமம் போனதாகச் சொன்ன மாதம் அவர் மனைவி சட்டைப்பைகளைத் துழாவினாள். "கத்தினாலாவது மனசுல இருக்கறது தெரியும். இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருந்தா எனக்கு பயமா இருக்கு" என்று தங்கையிடம் புலம்பினாள். நியாயம்தானே.

அவரைக் குடைந்தது வேறு. மதம் எனும் கர்வம் மட்டும் நாலு வருடமாக அசையவில்லை. கடைசியில் தராசின் மேலேயே சந்தேகம் வந்தது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் சுவருக்கு அந்தப் பக்கம் தனிப் பட்டறை வைத்திருந்த தம்பிதான். இருவருக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. தராசுகளைச் சரிபார்க்க அப்பா வைத்திருந்த சோதனைக் கல்லை விளிம்பு தெறிக்கக் கீழே போட்டது தம்பி என்று அண்ணன் கடை கடையாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட கைக்கு யார் தராசு கொடுப்பார்கள்? வேலை தேய்ந்து தேய்ந்து, தம்பி அந்த வாரம் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி போய்க் கூப்பிட்டாள். தம்பி வாசலிலேயே நின்று, "இதுல என்ன உள்குத்து அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். தராசைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினார்.

"தராசு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

அண்ணன் தராசில் ஏறி நின்றார். ஐந்து பகையை ஜெயித்தவன் என்ற முறையில் பழையதையெல்லாம் மன்னித்துவிட்டதாகப் பெரிய மனதோடு அறிவித்தார். முள் பதினாறுக்கு ஏறியது. மூன்று பேருமே பார்த்தார்கள்.

தம்பி கருவிப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்த வாசலைத் தாண்டினால் ஆயுசுக்கும் அவ்வளவுதான் என்று அண்ணனுக்குத் தெரிந்தது.

"டேய், இருடா. கல்லைக் கீழ போட்டது நான். பேர் கெட்டுடுமேன்னு உன் தலையில போட்டுட்டேன்."

"தெரியும். நீ சொல்லுவேன்னுதான் இத்தனை வருஷம் பக்கத்துலயே கிடந்தேன்" என்றார் தம்பி.

அண்ணன் அழுதார், முள் இறங்கியது. அன்று மாலைக்குள் அதே கடைகளுக்கெல்லாம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து ஏறியபோது அது பூஜ்யத்தில் நின்றது. மூட்டைகள் பிரிக்கப்பட்டன, நடுச்சுவர் இடிக்கப்பட்டது. இப்போது பழுதுக்கு வரும் எந்தத் தராசானாலும், சோதனைக் கல்லுக்குப் பதிலாக முதலில் அண்ணனை அதில் ஏற்றி நிறுத்தி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் தம்பி வேலையைத் தொடங்குகிறார். யாராவது அண்ணனைப் புகழ்ந்தால் கால் கிலோ ஏறிவிடுகிறது. அதனால் அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாதென்று அண்ணி வாசலில் எழுதி மாட்டியிருக்கிறாள்.