இடி வேண்டாம், வார்த்தை வேண்டும்

காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனால் கடைக்காரனிடம் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

பஞ்சாபின் பக்வாராவில் நான் வேலை பார்க்கும் கடையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். நெஞ்சு அதிர வேண்டும், பக்கத்து வண்டியின் கண்ணாடி நடுங்க வேண்டும். ஹர்மேஷ் மட்டும் வேறு கேட்டான்.

"இடி வேணாம் வீர்ஜி. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழணும். தெருக்கோடி வரைக்கும்."

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அவன் சமார், தோல் வேலை செய்துவந்த தலித் சாதி. மறுநாள் அந்தச் சாதியில் பிறந்த ஞானி குரு ரவிதாஸின் பிறந்தநாள் ஊர்வலம். அவன் ஊரில் நிலம் வைத்திருக்கும் ஜாட்டுகள், தங்கள் சாதிப் பெயர் வரும் பாட்டை டிராக்டரில் வருஷம் முழுக்க அலறவிடுவார்கள். இவன் சாதிப் பெயரைத் திட்டுவதற்குத்தான் வாயில் எடுப்பார்கள். அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லியும் இப்போது பாட்டு வந்துவிட்டது. ஊர்வலத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஜாட்டுகளின் தெரு வழியாக ஒரு முறையாவது போக வேண்டும் என்றான்.

பெட்டி ஸ்பீக்கர்களை ஒதுக்கிவிட்டு இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களை அவனுடைய பழைய காரின் கூரையில் கட்டினேன். இடிக்கிற பாஸ் சத்தத்தை அடியோடு குறைத்துப் பாட்டைப் போட்டேன். அந்தப் பெயர் ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியது. ஹர்மேஷ் சிரித்தான்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லக்கா கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். ஹர்மேஷின் ஊர்க்காரன், ஜாட். கூடவே அவன் சித்தப்பா பையன்கள் இரண்டு பேர்.

"ஏண்டா, அந்தப் பேரச் சொல்லி நாங்க கூப்பிட்டா உனக்கு மூஞ்சி சுருங்குது. இப்ப நீயே தமுக்கடிக்கிறியா?"

"நான் சொன்னா எனக்கு வலிக்கல. உனக்கு ஏன் வலிக்குது?"

சொல்லிவிட்டு ஹர்மேஷ் சத்தத்தைக் கூட்டினான்.

லக்கா கீழே கிடந்த என் ஜாக்கிக் கம்பியை எடுத்தான். முதல் அடியில் ஒரு கூம்பு நசுங்கித் தொங்கியது. அடுத்த அடி ஹர்மேஷின் முழங்கையில். எலும்பு உடைந்தது பாட்டுக்கு நடுவிலும் கேட்டது. விழுந்தவனின் விலாவில் மற்ற இருவரும் மாறி மாறி உதைத்தார்கள். மிச்சமிருந்த கூம்பு பாடிக்கொண்டே இருந்தது.

"மதராஸி, அத அணைடா."

சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. கம்பி என் காதில் இறங்கியது. கழுத்தில் சூடாக ஒழுகியது.

லக்கா என் பக்கம் திரும்பிய நேரத்தில் ஹர்மேஷ் நல்ல கையால் வீல் ஸ்பேனரைப் பிடித்துவிட்டான். எழுந்த வேகத்தில் லக்காவின் வாயிலேயே அடித்தான். இரண்டு பல் என் காலடியில் விழுந்தன. லக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மற்ற இருவரும் நிறுத்தவில்லை. ஹர்மேஷின் முகத்தை கார்க் கதவில் வைத்து மோதினார்கள். அவன் அசைவது நின்ற பிறகும் ஒருவன் உதைத்தான். கடைசியில் வயரைப் பிடுங்கினார்கள்.

டீக்கடைக்காரரும் நானும் ஹர்மேஷை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஸ்ட்ரெச்சரில் கண் திறந்தவன் வாய் கோணக் கேட்டான்.

"ஒண்ணு மிச்சமிருக்குல்ல? என் தம்பி கார் எடுப்பான். கட்டிக் குடுத்துரு."

ராத்திரியே கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, அடிதடியைக் காரணம் காட்டி போலீஸ் ஊர்வலத்தின் பாதையை மாற்றியது. ஜாட்டுகளின் தெரு வழியாக ஊர்வலம் போகவில்லை.