தவிர்ந்த ஏனைய வேளைகளில்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம், அதாவது 1994இல், மாற்றலாகி வந்த மக்டலீன் ரீச்சர் ஓர் இடைவேளையில் சொன்னது இது. ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"நான் ஒருக்கால் அரசாங்கத்திலை வேலை செய்தனான் மாஸ்ரர். மூண்டு மாசம். அதிலை ஒரு கடதாசியாலை எங்கடை ஊரையே சாகக் குடுக்கப் பாத்தம்" என்றார்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. ரீச்சர் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார். மிச்சத்தைக் கேட்க எனக்கு நான்கு இடைவேளைகள் தேவைப்பட்டன.

நான் அச்சுவேலியில் தமிழ் படிப்பிக்கிறவன். கொழும்பில் எந்த அரசாங்கக் கந்தோருக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆகவே கீழே வரும் மேசை, மின்விசிறி, படிக்கட்டு எல்லாம் என் கற்பனை. திணைக்களத்தின் பெயரை ரீச்சர் சொன்னார், நான் எழுதப்போவதில்லை.

(எழுதுகிற தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். கடதாசித் தட்டுப்பாடு. போன தவணைப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தின் மறுபுறத்தில், 'கடல்' என்பதற்கு ஒத்தசொல் ஐந்து தருக என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை இரண்டோடு நிறுத்தியிருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: "1985 யூன் மாதத்து மழைநாள் ஒன்றில், கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் தன்னந்தனியாக வந்திறங்கிய அந்த இளம்பெண்ணின் கண்களில்—"

வாசித்துக் காட்டினேன். "ஆர் தனிய இறங்கினது? அப்பாவும் வந்தவர். கருவாட்டுப் பார்சலோடை. பெட்டி முழுக்க மணத்தது" என்றார் ரீச்சர். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "போர்நிறுத்தம் என்பது இரண்டு வெடிச்சத்தங்களுக்கு இடையில் மனிதர்—"

இது கட்டுரை. இதையும் அடித்துவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மக்டலீன் யாழ்ப்பாணக் கரையிலுள்ள குருநகர்ப் பெண். அப்போது வயது இருபத்தொன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அரசாங்க நிருவாகம் எப்படி நடக்கிறதென்று நேரில் படிக்க, சில மாணவரை மூன்று மாதப் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் பெயர் கொடுத்தவர்கள் குறைவு. கொழும்பில் தமிழரை வெட்டியும் எரித்தும் கொன்ற எண்பத்துமூன்றின் ஆடிக் கலவரம் முடிந்து இரண்டு வருடங்கூட நிறையவில்லை. கொழும்பு என்ற சொல்லைக் கேட்டாலே வீடுகளில் வாய் மூடிக்கொள்ளும் காலம்.

அவருடைய அப்பா கிறகோரி கடற்றொழிலாளி. அவர் மட்டும் போகச் சொன்னார்.

"எங்களைப் பற்றின கடதாசியெல்லாம் அங்கைதானே எழுதுறாங்கள். எங்கடை ஆள் ஒண்டு போய்ப் பாக்கட்டுமே."

கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் மகளை விட்டார். கருவாட்டைப் பெரிய மதரிடம் கொடுத்தார். அன்று பின்னேரமே ரயில் ஏறினார்.

3

அரசாங்கம் எப்படி நடக்கிறது? மக்டலீனின் முதல் மூன்று கிழமை அனுபவத்தின்படி, கடித உறைகளை ஒட்டுவதால் நடக்கிறது. அவருக்குக் கிடைத்தது ஒரு திகதி முத்திரை, ஒரு பசைப்போத்தல், கால் ஆடும் ஒரு கதிரை.

எதிர் மேசையில் தில்லைநாதன். திணைக்களத்தின் ஒரேயொரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஐம்பத்தைந்து வயது, சுன்னாகத்துக்காரர். கலவரத்துக்குப் பிறகு மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு வெள்ளவத்தையில் ஓர் அறையில் தனியே இருந்தார். வெயிலிலும் குடை பிடிப்பார். கந்தோரில் எல்லோரும் தமிழைக் கைவிட்டாலும் தன் மேசையில் அதற்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்தவர்.

"றால் எண்டு எழுதாதையும் பிள்ளை. இறால்."

"எங்கடை அப்பா றால்தான் பிடிக்கிறவர், சேர்."

"அவர் றாலைப் பிடிக்கட்டும். நீர் இறாலை எழுதும்."

(இவரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம். முதல் பிரதியில் இவரைக் கொஞ்சம் கொடுமைக்காரராக்கினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ரீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தந்தார். "பாவம் மாஸ்ரர், ஒவ்வொரு நாளும் தன்ரை சாப்பாட்டிலை பாதி முட்டை எனக்குத் தந்த மனிசன்." அப்படியானால் பாதி முட்டையையும் எழுதிவிடுகிறேன்.)

மூன்றாவது ஆள் சுமணாவதி. சிங்களப் பெண், தட்டெழுத்தாளர். அந்த மாடியில் இருந்த ஒரே தொலைபேசிக்குச் சின்னப் பூட்டு ஒன்று போட்டிருக்கும். திறப்பு அவர் கைப்பையில். கொஞ்சம் தமிழ் கதைப்பார். மக்டலீனை 'நங்கி' என்பார். தங்கச்சி என்று அர்த்தம்.

4

யூலையில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அரசாங்கத்துக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையில் போர்நிறுத்தம் நடப்பில் இருந்ததால் வடக்குக் கடலில் மீன்பிடிக்கக் கொஞ்சம் இடம் விட்டார்கள். காலை ஐந்து தொடக்கம் மாலை ஐந்து வரை போகலாம். இரவில் போனால் கடற்படை சுடும். அவ்வளவுதான் விஷயம். தில்லைநாதன் அதைத் தமிழாக்கினார். ரீச்சருக்கு அந்த வசனம் ஒன்பது வருடத்துக்குப் பிறகும் மனப்பாடம்:

"மாலை ஐந்து மணி தொடக்கம் மறுநாட் காலை ஐந்து மணி வரையிலான காலப்பகுதி தவிர்ந்த ஏனைய வேளைகளில் கடற்றொழிலில் ஈடுபடுதல் இத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது."

இன்னொரு தரம் வாசியுங்கள். நானும் வாசித்தேன். தமிழ் வாத்தியாரான எனக்கே மூன்றாம் முறைதான் பிடிபட்டது. இரவு *தவிர்ந்த* நேரங்களில் தடை. அதாவது பகலில் போகக்கூடாது, இரவில் போகலாம். 'அனுமதிக்கப்பட்டுள்ளது' என்று முடிய வேண்டிய வசனம், எத்தனையோ வருடம் எழுதி எழுதிக் கை பழகிய சொல்லில் போய் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிரதிகள் தபாலில் போயின. உறைகளை ஒட்டியது மக்டலீன். ஒட்டும்போது அவர் வாசிக்கவில்லை. இதை எழுதும்படி அவரே சொன்னார்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு, ஒரு பிரதியைப் பைலில் போடும்படி தில்லைநாதன் கொடுத்தார். வேலை முடிகிற நேரம். மக்டலீனுக்கு வீட்டு நினைப்பு. அப்பா இந்தக் கடிதத்தை எப்படி வாசிப்பார் என்று யோசித்து, அவரைப் போலவே சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தார். 'தவிர்ந்த' என்ற இடத்தில் விரல் நின்றது.

5

"சேர், இது பிழையாக் கிடக்கு."

தில்லைநாதன் வாங்கிப் பார்த்தார். "எங்கை பிழை? சந்திகூடச் சரியாத்தான் இருக்கு."

"இல்லை சேர், கருத்து. இரவிலை போகலாம் எண்டு வருது."

"பிள்ளை, நான் இருபத்திரண்டு வருசமா மொழிபெயர்க்கிறன்."

மறுபடி வாசித்தார். தான் எழுத நினைத்ததையே வாசித்தார். எழுதியது அவர் கண்ணில் படவில்லை. (எனக்கும் இது நடப்பதுண்டு. இந்தக் கதையிலேயே எங்கோ நடந்திருக்கும்.)

மக்டலீன் அப்போது செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் அவர்மேல் பெருமையாக இருக்கிறது. அவர் வாதாடவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, தில்லைநாதனின் விரலைப் பிடித்து முதல் சொல்லின் கீழ் வைத்தார்.

"சேர், நீங்கள் இப்ப என்ரை அப்பா. அஞ்சாம் வகுப்பு. இருட்டிப்போச்சு. வள்ளம் கரையிலை நிக்குது. மெல்லமா வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, இப்ப நீங்கள் கடலுக்குப் போகலாமோ?"

தில்லைநாதன் வாசித்தார். விரல் ஊர்ந்தது. கடைசிச் சொல்லில் நின்றது. அவர் நிமிரவில்லை.

"ஓம்," என்றார். "போகலாம்."

பிறகு மிகவும் மெதுவாக, "ஐயோ பிள்ளை" என்றார்.

6

திணைக்களத்துக்குப் பெரியவரான பணிப்பாளர் கண்டியில். திங்கட்கிழமைதான் வருவார். அவர் கையெழுத்தில்லாமல் திருத்தம் போகாது. தந்தி போய்ச் சேர மறுநாளாகும். மிஞ்சியது தொலைபேசி. யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்கோல் எடுக்கப் பயிற்சி மாணவிக்கு அனுமதியில்லை. எடுத்துக் கடலைப் பற்றித் தமிழில் கதைப்பது, யாராவது ஒட்டுக்கேட்டு இயக்கத்துக்குத் தகவல் என்று சந்தேகிக்கக்கூடிய அந்த நாட்களில் யாரும் விரும்பிச் செய்கிற காரியமுமல்ல.

மக்டலீன் சுமணாவதியிடம் போனார். பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில், மிச்சத்தைக் கையால் சொன்னார். சுமணாவதி கேட்டது ஒரேயொரு கேள்வி.

"நங்கி, ஒங்க அப்பாவும் போவாரா?"

"ஓம்."

பூட்டு திறந்தது. இணைப்பகத்தோடு சுமணாவதியே சிங்களத்தில் கதைத்தார், பெரிய ஐயாவின் அவசர அழைப்பு என்று. குருநகரில் தேவாலயத்துப் பங்குச்சுவாமியின் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. நாலு நாற்பதுக்கு எடுத்தவர் கோவில் மணியடிக்கும் செபமாலை.

பிழை தன்னுடையது என்பதால் தில்லைநாதன் ரிசீவரை வாங்கினார்.

"வணக்கம். தங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்ட சுற்றறிக்கையின் இரண்டாம் பந்தியிற் காணப்படும்—"

"ஆர்? பந்தியோ? எங்கை பந்தி?" என்று செபமாலை கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

தில்லைநாதன் ரிசீவரை மக்டலீனிடம் நீட்டினார்.

"செபமாலை அண்ணை, நான் கிறகோரியின்ரை மக்டா. கடதாசி பிழை. இரவிலை போகக்கூடாது. பகலிலைதான் போகலாம்."

"கடதாசி காலமையே வந்திட்டுது பிள்ளை. சந்தியிலை ஒட்டிக் கிடக்கு. சனம் நல்ல சந்தோசத்திலை வெளிக்கிடுது. உன்ரை கொப்பர் அஞ்சு மணி வரைக்கும் பொறுக்காமல் நாலு மணிக்கே இறங்கிட்டார்."

மக்டலீன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, இரவிலை கண்டால் சுடுவாங்கள்."

"நான் மணியை அடிக்கிறன்," என்றார் செபமாலை. "அடிச்சுப்போட்டுச் சுவாமியைக் கேக்கிறன்."

இணைப்பு அறுந்தது.

7

இந்த இடத்தில் நான் ஒரு மாதம் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) மணிச்சத்தம் கேட்டு எல்லா வள்ளமும் திரும்புகிறது. கரையில் செபம் சொல்கிறார்கள். இது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) ஒரேயொரு வள்ளம் திரும்பவில்லை. அது—

(இ) மக்டலீன் விடுதியில் அழுதபடி—

"நான் அழேல்லை," என்றார் ரீச்சர். "அழுதது தில்லைநாதன் சேர். படிக்கட்டிலை இருந்து அழுதவர். சுமணாதான் தண்ணி குடுத்தது."

அந்த இரவை நான் எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு நேரே போகிறேன். மூன்று பேரும் கந்தோர் திறக்கமுன் வாசலில் நின்றார்கள். சுமணாவதி பூட்டைத் திறந்தார். தொலைபேசி மணி மூன்று தரம்கூட அடிக்கவில்லை. மறுபக்கத்தில் யாரோ பக்கத்திலேயே காத்திருந்தவர் போல எடுத்தார்.

"பிள்ளை! கேக்குதோ!"

கிறகோரி தன் வாழ்நாளில் முதல்தரம் தொலைபேசியில் கதைக்கிறார்.

"கேக்குது அப்பா. கத்தாதையுங்கோ."

"கொழும்பு தூரமெல்லோ!"

"அப்பா, திரும்பி வந்தனீங்களே..."

"மணி கேட்டுது. நேரங்கெட்ட நேரத்திலை அடிக்குது, ஆரோ செத்துப்போச்சு எண்டு திரும்பினன். எனக்குப் பின்னாலை வந்ததுகளும் திரும்பிட்டுது. வந்து பாத்தால் ஒருத்தரும் சாகேல்லை! நல்ல றால் பிள்ளை, கண்ணாலை கண்டன், எல்லாம் போச்சு. உன்ரை கந்தோரிலை சொல்லு."

மக்டலீன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு தில்லைநாதன் பக்கம் திரும்பினார். "எல்லாரும் வந்திட்டினம் சேர். றால் போச்சுதெண்டு என்னைப் பேசுறார்."

"இறால்," என்று சொல்ல வாயெடுத்த தில்லைநாதன் சொல்லாமல் விட்டார்.*

* இது என் இடைச்செருகல் என்று நினைப்பீர்கள். ரீச்சர் சத்தியம் செய்கிறார்.

8

திங்கட்கிழமை தில்லைநாதன் தானே பணிப்பாளரிடம் போய்த் தன் பிழையை எழுதிக் கொடுத்தார். திருத்தத்தை மக்டலீனைக் கொண்டு எழுதுவித்தார். "பகலில் போகலாம். இரவில் போகக்கூடாது. முந்திய கடிதம் பிழை." திணைக்களத்தின் வரலாற்றிலேயே சின்னக் கடிதம் அதுதான் என்று சுமணாவதி சொன்னாராம்.

இரண்டு கிழமையில் தில்லைநாதனுக்குக் குற்றப்பத்திரம் வந்தது. ஆங்கிலத்தில். தமிழ் உத்தியோகத்தருக்குத் தமிழ்ப் பிரதியும் கொடுக்க வேண்டுமென்பது விதி. அதைத் தமிழாக்க அங்கே இருந்தவர் ஒருவர்தான். எனவே தில்லைநாதன் தன்மீதான குற்றச்சாட்டைத் தானே, ஒரு சொல் குறையாமல், இரண்டு நாள் இருந்து மொழிபெயர்த்தார். முடித்துவிட்டு மக்டலீனிடம் நீட்டினார்.

"பிள்ளை, இது உம்மடை அப்பாவுக்கு விளங்குமோ?"

மக்டலீன் விரல் வைத்து வாசித்தார். "விளங்கும் சேர். உந்தக் 'கடமையினின்றும் வழுவியமை' எண்டதை மட்டும் 'பிழை விட்டது' எண்டு போடுங்கோ."

தில்லைநாதன் பேனையை எடுத்து வெட்டினார். "பிழை விட்டது," என்று எழுதினார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முட்டையை வெட்டத் தொடங்கினார்.

9

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் வாசிக்கிற நீங்கள் இந்தக் குடாநாட்டுக்காரர் என்றால் உங்கள் மனம் ஏற்கனவே அடுத்த வருடத்துக்குப் போயிருக்கும். 1986 யூனில் மண்டைதீவுக் கடலுக்குப் போன குருநகர்த் தொழிலாளர்களில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்று எந்த மணியும் உதவவில்லை. கிறகோரி அன்று கடலுக்குப் போனாரா?

எனக்குத் தெரியாது. ரீச்சரிடம் கேட்டால் சொல்லுவார். இந்த ஒன்பதாம் பகுதியை எழுதப்போகிறேன் என்றபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வருசத்தை எழுதாதையுங்கோ மாஸ்ரர். இது எண்பத்தைஞ்சின்ரை கதை."

அதற்குப் பிறகு அவர் தகப்பனைப் பற்றிக் கதைக்கும்போது நான் வினைச்சொற்களைக் கவனிக்கத் தொடங்கினேன். தமிழ் படிப்பிக்கிறவனின் கெட்ட பழக்கம். "அப்பா அப்பிடித்தான் சொல்லுவார்" என்கிறார். "மணிச்சத்தம் கேட்டால் பேசுவார்" என்கிறார். சொல்லுவார், பேசுவார். முன்பு வழக்கமாகச் செய்தவரையும் எங்கள் தமிழில் இப்படிச் சொல்லலாம். நாளைக்குச் செய்யப்போகிறவரையும் இப்படித்தான் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் இலக்கணம் படிப்பித்தும் இந்த ஓர் இடைநிலையை வைத்து ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று முழுக் கதையையும் ரீச்சரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இன்று காலை திருப்பித் தந்தார். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார். கடைசித் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான் எதையும் சேர்க்கப்போவதில்லை. நீங்கள் உங்களுக்கு ஏற்றபடி வாசித்துக்கொள்ளுங்கள்:

"அப்பா கேட்டால் நல்லாச் சிரிப்பார்."